சிறிய சுங்கான்: அளவு எங்கே இருக்கிறது?

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் ஒருவர் கேழ்வரகு ஒரு படி வேண்டும் என்று கேட்டால், அது எவ்வளவு என்பதில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஐயம் எழுவதில்லை. எட்டு ஆழாக்கு சேர்ந்தால் ஒரு படி. தண்ணீர்க் குழாய்க்கு அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்ற அளவு உண்டு. செருப்புக்கும் சட்டைக்கும் எண் உண்டு. ஆனால் புகை பிடிக்கும் சுங்கானுக்கு மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு எதுவும் இல்லை. ஒருவர் 'சிறியது' என்று காட்டும் சுங்கானை மற்றொருவர் 'நடுத்தரம்' என்பார். (கப்பலைத் திருப்ப உதவுவது சுக்கான், அது வேறு. நாம் பேசப்போவது புகைக்குழலாகிய சுங்கானைப் பற்றி.)

நம் ஊர்ப்பக்கங்களில் புகையிலை என்றால் பெரும்பாலும் பீடி, சிகரெட்டு, சுருட்டு, வெற்றிலையுடன் மெல்லும் புகையிலை ஆகியவைதாம். சுங்கானைக் காண்பது அரிது. ஆயினும் அதைப் பற்றி மூன்று வகையானவர்கள் விசாரிப்பதுண்டு. தாத்தா காலத்துப் பெட்டியிலிருந்து ஒரு பழைய சுங்கானைக் கண்டெடுத்தவர் முதல் வகை. பள்ளி நாடகத்தில் துப்பறிவாளர் வேடத்திற்கு ஒன்று வேண்டும் என்று தேடுபவர் இரண்டாம் வகை. பீடியை விட்டுவிட்டுச் 'சின்னதாக' ஒரு சுங்கானுக்கு மாறினால் உடலுக்குத் தீங்கு குறையும் என்று நம்புபவர் மூன்றாம் வகை. மூவருக்கும் எழும் வினா ஒன்றே: சுங்கானில் எது சிறியதாக இருந்தால் அது சிறிய சுங்கான்? விடையைத் தேடும்போது பரப்பளவு, கன அளவு, வெப்பங் கடத்தல், காற்றோட்டம் என்று நாம் பள்ளியில் படித்தவை எல்லாம் ஒரு கைப்பிடிக் கட்டைக்குள் அடங்கியிருப்பதைக் காண்போம்.

உறுப்புகள்

சுங்கானின் தலைப்பகுதி கிண்ணம் எனப்படும். கிண்ணத்தின் உள்ளே குடைந்த குழியில்தான் புகையிலை இடப்படுகிறது. கிண்ணத்தோடு ஒரே கட்டையாக நீண்டிருப்பது கழுத்து. கழுத்தில் செருகப்பட்டிருப்பது தண்டு. அதன் நுனியே வாயில் வைக்கும் பகுதி. தண்டு பெரும்பாலும் கெட்டிப்படுத்திய இரப்பரால் அல்லது அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆனது. குழியின் அடியிலிருந்து தண்டின் நுனி வரை ஒரு மெல்லிய துளை செல்கிறது. புகை வரும் வழி அதுவே.

கிண்ணத்தைப் பல பொருள்களால் செய்வர். சுட்ட களிமண் மிகப் பழையது. துருக்கியில் எஸ்கிஷெஹிர் பகுதியில் தோண்டியெடுக்கும் வெண்ணிறக் கனிமம் ஒன்றும் இதற்குப் பயன்படுகிறது. மக்னீசியம் சிலிக்கேட்டு வகையைச் சேர்ந்த அது, காய்ந்த நிலையில் நீரில் மிதக்கும் அளவுக்கு இலேசானது. மக்காச்சோளக் கதிரின் சக்கையைக் குடைந்தும் அமெரிக்காவில் சுங்கான் செய்கின்றனர். எனினும் மிகுதியாகப் பரவியது 'பிரையர்' என்னும் கட்டையால் ஆனதே.

பிரையர் என்பது என்ன?

ஆங்கிலத்தில் முள் நிறைந்த காட்டு ரோஜாவுக்கும் இதே பெயர் வழங்குவதால், இது ரோஜாக் கட்டை என்று பலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. 'புரூயேர்' என்ற பிரெஞ்சுச் சொல்லே திரிந்து இவ்வாறு ஆயிற்று. தாவரவியலில் இதன் பெயர் எரிக்கா ஆர்போரியா. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள காய்ந்த மலைச்சரிவுகளில் வளரும் பெரிய புதர்ச்செடி இது. கோர்சிக்கா, சார்டினியா, தென் இத்தாலி, கிரீசு, அல்சீரியா ஆகிய இடங்களில் இது உண்டு. நம் நீலகிரியில் சிவந்த பூக்களுடன் நிற்கும் ரோடோடென்ட்ரான் மரமும் எரிக்கேசி என்னும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே.

சுங்கானுக்குப் பயன்படுவது இச்செடியின் கிளையன்று; தண்டும் அன்று. வேரும் தண்டும் கூடுமிடத்தில், மண்ணை ஒட்டி, பெரிய கிழங்கு போல ஒரு முண்டு திரண்டிருக்கும். காட்டுத்தீயில் செடியின் மேற்பகுதி எரிந்து போனாலும், இந்த முண்டிலிருந்து புதிய தளிர்கள் கிளம்பும். யூக்கலிப்டஸ் இனங்கள் பலவற்றிலும் இத்தகைய முண்டு உண்டு. தீயையும் வறட்சியையும் தாங்கிப் பிழைப்பதற்கு இயற்கை அளித்த சேமிப்பு அறை அது. சுங்கானுக்கு ஏற்ற பருமனை அடைய அதற்குப் பல பத்தாண்டுகள் தேவை.

தோண்டியெடுத்த முண்டுகளைக் காயவிடாமல் ஈரமாகவே வைத்துத் துண்டுகளாக அறுப்பர். பின்னர் அவற்றைப் பல மணி நேரம் நீரில் வேகவைத்து, சாற்றையும் துவர்ப்புப் பொருள்களையும் நீக்குவர். அதன்பின் நிழலில் பல மாதங்கள் மெல்ல உலர்த்துவர். அவசரப்பட்டு உலர்த்தினால் வெடிப்பு விழும். பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள செயின்ட் குளோடு என்ற ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இத்தொழில் பெரிதாக வளர்ந்தது.

கட்டை ஏன் எரிவதில்லை?

சிகரெட்டின் நுனியில் உள்ள தணல், உறிஞ்சும் வேளையில் 800 பாகை செல்சியசையும் தாண்டும். சுங்கானின் தணல் அவ்வளவு சூடானதன்று. ஆனாலும் பல நூறு பாகை இருக்கும். மரமோ 300 பாகைக்கு அருகிலேயே பற்றிக்கொள்ளும். அப்படியானால் சுங்கான் ஏன் எரிந்துவிடுவதில்லை?

முதற்காரணம், மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. குழம்பைக் கிளறும் அகப்பைக்கும் தோசைத் திருப்பிக்கும் மரப்பிடி போடுவது இதனால்தான். பித்தளை, மரத்தைப் போலப் பல நூறு மடங்கு வெப்பங் கடத்தும். இரண்டாவது காரணம், காற்று. அடுப்புத் தணலைச் சாம்பல் மூடினால் அது கனன்றுகொண்டிருக்குமே தவிர, கொழுந்துவிட்டு எரியாது. சுங்கானிலும் சுவரை ஒட்டிய இடத்திற்குப் போதிய ஆக்சிசன் கிடைப்பதில்லை. புகையிலையில் இருக்கும் ஈரமும் வெப்பத்தின் ஒரு பகுதியை ஆவியாக்கச் செலவிடுகிறது. மூன்றாவது காரணம், பிரையர் முண்டின் அமைப்பு. அதன் இழைகள் நேராக ஓடாமல் பல திசைகளிலும் பின்னிக் கிடப்பதாலும், கட்டை அடர்த்தியாக இருப்பதாலும் அது எளிதில் பிளப்பதில்லை. நாளடைவில் குழியின் உட்சுவரில் கரி படிந்து ஒரு மெல்லிய உறை போலாகிறது. அது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பருமன் இருக்கும்வரை கட்டைக்குக் கவசம். மிகவும் தடித்துவிட்டால், சூட்டில் கரியும் கட்டையும் வெவ்வேறு அளவில் விரிவதால் கிண்ணம் வெடிக்கக்கூடும்.

இவ்வளவு பாதுகாப்பும் சுவர் போதிய தடிப்புடன் இருந்தால்தான். 'சிறிய' சுங்கானின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

எண்கள் என்ன சொல்கின்றன?

சுங்கானின் கழுத்தில் சில எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இலண்டனில் 1907 இல் தம் கடையைத் திறந்த ஆல்பிரெட் டன்ஹில்லின் நிறுவனம், பிற்காலத்தில் தன் சுங்கான்களை 1 முதல் 6 வரை பிரித்து எண்ணிட்டது. 1 மிகச் சிறியது; 6 மிகப் பெரியது. இன்றும் சேகரிப்போர் 'நான்காம் எண் அளவு' என்று பேசிக்கொள்வது இவ்வழக்கிலிருந்து வந்ததே. ஆனால் இது ஒரு நிறுவனம் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட வரிசை. மற்ற நிறுவனங்களின் எண்கள் பெரும்பாலும் வடிவத்தைக் குறிப்பவை. அவற்றிலிருந்து அளவை அறிய முடியாது. எனவே எண்ணை நம்புவதைவிட அளவுகோலை நம்புவதே மேல்.

உள்ளே அளப்போம்

முதலில் குழியின் குறுக்கு விட்டத்தை அளக்க வேண்டும். அடுத்து, ஒரு தென்னை ஈர்க்கைக் குழியில் விட்டு, விளிம்பு வரும் இடத்தில் நகத்தால் கீறி, ஆழத்தை அளக்கலாம். இரண்டு சுங்கான்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவதன் குழி விட்டம் 20 மி.மீ., ஆழம் 40 மி.மீ. இவை சாதாரணச் சுங்கானின் அளவுகள். குழியை உருளை என்று கொண்டால் அதன் கன அளவு 3.14 × 1 × 1 × 4 = 12.6 கன செ.மீ.

இரண்டாவதன் குழி விட்டம் 16 மி.மீ., ஆழம் 30 மி.மீ. இது சிறியது. கன அளவு 3.14 × 0.8 × 0.8 × 3 = 6 கன செ.மீ.

விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கும் ஆழத்தில் நான்கில் ஒரு பங்குமே குறைந்தன. ஆனால் கொள்ளளவோ பாதிக்கும் கீழே போய்விட்டது! கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றும். விட்டம் இருமுறை பெருக்கப்படுவதே இதற்குக் காரணம். குழியின் அடி வளைவாக இருப்பதால் உண்மையான கொள்ளளவு இதைவிடச் சற்றுக் குறையும்.

கணக்கில் நம்பிக்கை இல்லாதவர் கேழ்வரகைக் கொண்டே சோதிக்கலாம். குழியின் அடித்துளையைச் சிறிது பஞ்சால் அடைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மணிகள் துளைக்குள் சென்று சிக்கிக்கொள்ளும். கேழ்வரகைத் தலைதட்டி நிரப்பி, அதை மருந்துப் புட்டியுடன் வரும் அளவு மூடியில் கொட்டினால், எத்தனை மில்லிலிட்டர் என்பது தெரிந்துவிடும். நீரை ஊற்றி அளக்கக் கூடாது. கட்டை ஊறிக் கெடும்.

சிறியதில் மூன்று வகை

இனி நம் வினாவுக்கு விடை கூறலாம். சுங்கானை மூன்று வழிகளில் சிறியதாக்கலாம்.

ஒன்று, தண்டை மட்டும் குறைப்பது. பார்வைக்குக் குட்டையாக இருக்கும்; குழியோ முழு அளவில் இருக்கும். இதைச் சிறியது என்பது, கைப்பிடியை வெட்டிவிட்டு அகப்பை சிறியதாகிவிட்டது என்பதைப் போன்றது. மேலும் புகை குளிர்வதற்கான வழி குறைவதால் அது சூடாகவே வாய்க்கு வந்து சேரும்.

இரண்டு, சுவரை மெலிதாக்குவது. கிண்ணத்தின் வெளி விட்டத்திலிருந்து உள் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் சுவரின் தடிப்புக் கிடைக்கும். வெளி விட்டம் 32, உள் விட்டம் 18 என்றால் தடிப்பு 7 மி.மீ. வெளி விட்டத்தை 26 ஆகக் குறைத்து, உள் விட்டத்தை 18 ஆகவே விட்டால் தடிப்பு 4 மி.மீ. மட்டுமே. இத்தகைய கிண்ணம் கையைச் சுடும். கருகி ஓட்டை விழும் வாய்ப்பும் மிகுதி. கையில் எடுத்தால் இலேசாக இருப்பதால் பலர் இதையே நல்லது என்று எண்ணி ஏமாறுவர்.

மூன்று, சுவரின் தடிப்பைக் காத்து, குழியைச் சிறியதாக்குவது. இதுவே உண்மையான சிறிய சுங்கான். இதற்கு வெப்பவியலில் ஒரு சிறப்பும் உண்டு. 20 மி.மீ. விட்டமுள்ள குழியில் ஒவ்வொரு கன செ.மீ. புகையிலைக்கும் 2 சதுர செ.மீ. பக்கச்சுவர் உண்டு. 16 மி.மீ. குழியில் அது 2.5 சதுர செ.மீ. ஆகிறது. பெரிய அண்டாவில் உள்ள வெந்நீரைவிடச் சிறிய குவளையில் உள்ள வெந்நீர் விரைவில் ஆறுவதும் இதே விதியால்தான்.

எடையையும் கவனிக்க வேண்டும். பற்களால் கடித்துப் பிடிக்கும் சுங்கான் ஒரு நெம்புகோல். 40 கிராம் சுங்கானின் எடை மையம் பற்களிலிருந்து 10 செ.மீ. தொலைவில் இருந்தால் திருப்புவிசை 400 அலகு. 25 கிராம் சுங்கானில் அது 8 செ.மீ. தொலைவில் இருந்தால் 200 அலகு. பழங்காலக் களிமண் சுங்கான்களை ஓயாமல் கடித்திருந்தவர்களின் எலும்புக்கூடுகளில், பல்வரிசையில் வட்டமான தேய்வைத் தொல்லியலார் கண்டுள்ளனர்.

துளையின் கணக்கு

ஊதாங்குழலின் வாய் குறுகியிருந்தால் எவ்வளவு மூச்சைப் பிடித்து ஊதினாலும் காற்று குறைவாகவே போகும். மெதுவாக ஓடும் காற்று ஒரு குழலில் செல்லும் அளவு, அக்குழலின் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. சுங்கானின் துளை பெரும்பாலும் 3.5 முதல் 4 மி.மீ. வரை இருக்கும். அதை 3 மி.மீ. ஆக்கினால், அதே இழுவிசைக்கு, 4 மி.மீ. துளையில் செல்லும் காற்றில் மூன்றில் ஒரு பங்கே செல்லும். ஆகவே கிண்ணத்தைச் சிறியதாக்கும்போது துளையையும் அதே விகிதத்தில் குறுக்கிவிடக் கூடாது. துளை குழியின் அடிமட்டத்தில் சரியாகச் சேர வேண்டும் என்பதும் முக்கியம். அது சற்று மேலே திறந்தால், அதற்குக் கீழே உள்ள புகையிலை எரியாமல் ஈரச்சேறாகத் தங்கிவிடும்.

துளையின் அளவு ஒரு வரலாற்றுக் கடிகாரமாகவும் பயன்பட்டிருக்கிறது. ஆங்கிலேயரின் களிமண் சுங்கான்கள் எளிதில் உடைபவை. எனவே பழைய குடியிருப்புகளில் அவற்றின் துண்டுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுன் முதலிய இடங்களில் கிடைத்த தண்டுகளின் துளைகளை ஜே. சி. ஹாரிங்டன் என்ற தொல்லியலார் துளைப்பூசிகளை விட்டு அளந்து, 1954 இல் ஓர் உண்மையை வெளியிட்டார். 1620 - 1650 காலத்தில் ஏறத்தாழ 3.2 மி.மீ. ஆக இருந்த துளை, 1750 - 1800 காலத்தில் 1.6 மி.மீ. ஆகச் சுருங்கியிருந்தது. கிண்ணமோ இதற்கு மாறாக வளர்ந்தது. புகையிலை விலையுயர்ந்த பொருளாயிருந்த தொடக்க காலத்தில் கிண்ணங்கள் விரல் நுனி அளவே இருந்தன. விலை குறையக் குறைய அவை பெருத்தன. பையில் உள்ள காசும் கிண்ணத்தின் அளவும் ஒன்றாகவே நடந்திருக்கின்றன!

சிறியதானால் தீங்கும் சிறியதா?

மூன்றாவதாக வினவியவருக்கு இனி விடை கூற வேண்டும். நாம் அளந்த சிறிய குழியில் ஒரு கிராமுக்கு மேல் புகையிலை கொள்ளும். ஒரு பீடியில் இருப்பதோ ஏறத்தாழ 0.2 கிராம். ஆகவே 'சின்ன' சுங்கானை ஒருமுறை நிரப்பினால் ஐந்து பீடிப் புகையிலை உள்ளே போகிறது. பெரிய சுங்கானோடு ஒப்பிட்டால் சிறியது. பீடியோடு ஒப்பிட்டால் பெரியது.

"புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லையே" என்பர் சிலர். சுங்கானிலும் சுருட்டிலும் பயன்படும் பல புகையிலைகளின் புகை காரத்தன்மை உடையது. காரநிலையில் நிக்கோட்டின் வாயின் மெல்லிய தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். இழுக்காவிட்டாலும் அடிமைத்தனம் உண்டாவது இதனால்தான். போதாக்குறைக்கு, சிகரெட்டிலிருந்து சுங்கானுக்கு மாறியவர்கள் பழைய பழக்கப்படி புகையை நெஞ்சுக்குள் இழுப்பதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. சுவர் தடித்திருந்தால் கை சுடாது. துளை சரியாக இருந்தால் இழுப்பது எளிது. ஆனால் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடையும் தாரையும் பிரையர் கட்டை தடுப்பதில்லை. ஹூக்காவின் தண்ணீரும் புகையைக் குளிர்விக்கிறதே தவிர, தூய்மையாக்குவதில்லை.

இது புதிய செய்தியும் அன்று. சுங்கான் பிடிப்போருக்கு உதட்டில் புற்றுநோய் வருவதை 1795 ஆம் ஆண்டிலேயே செருமானிய மருத்துவர் சோமரிங் சுட்டிக்காட்டினார். வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றின் புற்றுநோய்க்கும் சுங்கான் காரணமாகிறது என்பது இன்று உறுதியான உண்மை. பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதை 2003 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பொது இடங்களில் புகைப்பதற்கான தடை 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே தாத்தாவின் சுங்கானைக் கண்டெடுத்தவர், அதை அளந்து, சுவரின் தடிப்பையும் கட்டையின் இழைகளையும் ஆராய்ந்து, நினைவுப் பொருளாகப் போற்றலாம். அதன் தண்டு பச்சையும் பழுப்புமாக மாறியிருந்தால் வியக்க வேண்டாம். கெட்டி இரப்பரில் உள்ள கந்தகம் வெளிச்சத்தாலும் காற்றாலும் மாறுவதே அது. நாடகத்திற்குத் தேடுபவர் எடை குறைந்த, குட்டையான ஒன்றைத் தேர்ந்தால் பேசும்போது பல்லுக்குச் சுமை இராது. அதில் புகையிலை தேவையே இல்லை. பீடிக்கு மாற்றாகச் சுங்கானைத் தேடுபவருக்குப் பொருத்தமான அளவு எந்த வரிசையிலும் இல்லை. அவருக்குத் தேவை பழக்கத்தை விடுவதற்கான துணையே. 1800 11 2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் அதற்கு ஆலோசனை கிடைக்கும்.